தேவர்களுக்கு வரிசை வகுத்தவர்

ஒற்றைக் கண் ஓடின். சம்மட்டி ஏந்திய தோர். வஞ்சகன் லோகி.

இவர்கள் இன்று சினிமாவில் வருகிறார்கள். சித்திரக் கதைகளில் வருகிறார்கள். ஒருவர் வீரனாகவும், ஒருவர் மந்திரவாதியாகவும் வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டுகளிலும் வருகிறார்கள்.

அந்த விளையாட்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. தேவர்களில் யார் பெரியவர்? யாருக்கு என்ன அதிகாரம்? குள்ளர்கள் எங்கே வசிக்கிறார்கள்? அரக்கர்கள் யாருக்குப் பகை? 

வடநாட்டுத் தேவர்களுக்கு இப்படி ஒரு வரிசையை எழுதி வைத்தவர் ஒரு மனிதர். ஐரோப்பாவின் வடகோடியில், ஐஸ்லாந்து தீவில், 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். பெயர், ஸ்னோரி ஸ்டுர்லுசன்.

அவர் பெரும் புலவர். சட்டம் கற்றவர். பெரும் பணக்காரர். கடைசியில் தம் சொந்த வீட்டு நிலவறையில் வெட்டிக் கொல்லப்பட்டார்!

கண்ணைக் குறி வைத்த கத்தி

ஸ்னோரி 1179-ம் ஆண்டில் பிறந்தார். தந்தை ஸ்டுர்லா ஒரு சிற்றூர்த் தலைவர். வழக்கு, வம்பு என்றால் முன்னால் நிற்பவர்.

ஒரு சொத்துத் தகராறில் பஞ்சாயத்து கூடியது. பேச்சு முற்றியது. எதிராளியின் மனைவி கத்தியுடன் ஸ்டுர்லாவின் மேல் பாய்ந்தாள். ஓடின் தேவனைப் போல ஒற்றைக் கண்ணனாக ஆகட்டும் என்று அவருடைய கண்ணைக் குறி வைத்தாள். குறி தப்பியது. கன்னத்தில் வெட்டு விழுந்தது.

ஸ்டுர்லா பெரும் தொகை நஷ்ட ஈடு கேட்டார். நாட்டிலேயே பெரிய மனிதரான யோன் லோப்ட்சன் சமாதானம் செய்ய வந்தார். தொகையைக் குறைத்தார். அதற்கு ஈடாக, ஸ்டுர்லாவின் கடைக்குட்டி மகனைத் தம் வீட்டில் வளர்ப்பதாகச் சொன்னார்.

அந்தப் பிள்ளைதான் ஸ்னோரி. அப்போது வயது சுமார் 3.

யோன் லோப்ட்சனின் ஊர் ஓடி. அங்கே கல்வியும் புத்தகங்களும் நிறைந்திருந்தன. சட்டம், சரித்திரம், பாட்டு எல்லாவற்றையும் ஸ்னோரி அங்கே கற்றார். ஒரு கத்தி வெட்டு அவருக்குக் கல்விக் கதவைத் திறந்து விட்டது!

ராஜா இல்லாத நாடு

அந்தக் காலத்து ஐஸ்லாந்தில் ராஜா கிடையாது. நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து குடியேறிய ஜனங்கள், 930-ம் ஆண்டில் அல்திங் என்ற பொதுச்சபையை அமைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கோடையில் சபை கூடும். வழக்குகள் அங்கே தீரும்.

முதலில் அவர்கள் ஓடினையும் தோரையும் வழிபட்டார்கள். சுமார் 1000-ம் ஆண்டில் சபை கூடி, நாடு முழுவதும் கிறிஸ்தவ மதத்தை ஏற்பது என்று முடிவு செய்தது. ஸ்னோரி பிறந்தபோது பழைய வழிபாடு மறைந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்னோரியும் கிறிஸ்தவர்தான்.

ஆனால் பழைய கதைகள் சாகவில்லை. பாட்டுகளில் ஒளிந்து கிடந்தன.

செல்வமும் பதவியும்

ஸ்னோரிக்குச் சிறு வயதிலேயே தந்தை இறந்தார். வளர்ப்புத் தந்தை யோன் 1197-ல் இறந்தார். ஸ்னோரியின் பங்குச் சொத்தோ கரைந்து போயிருந்தது.

1199-ல் ஸ்னோரி விவாகம் செய்து கொண்டார். பெண் ஒரு பணக்காரரின் மகள். மாமனார் இறந்ததும் போர்க் என்ற பண்ணை கைக்கு வந்தது. 1206-ல் மனைவியைப் பிரிந்து ரெய்க்ஹோல்ட் என்ற ஊருக்குப் போனார். அங்கே பெரிய வீடு கட்டினார்.

அந்த ஊரில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்று வருகிறது. அதைக் கல் கட்டிய குளத்தில் தேக்கிக் குளித்தார். குளத்துக்குச் செல்ல வீட்டிலிருந்து ஒரு சுரங்க வழியும் இருந்தது.

1215-ல் ஸ்னோரி சட்டம் உரைப்பவர் ஆனார். நாட்டில் அதைவிடப் பெரிய பதவி இல்லை. பொதுச்சபையின் முன் நின்று நாட்டின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டில் முழுச் சட்டத்தையும் சொல்லி முடிக்க வேண்டும். இந்தப் பதவியை அவர் இரண்டு முறை வகித்தார்.

பிறகு ஹால்வெய்க் என்ற பணக்கார விதவையுடன் சேர்ந்து வாழ்ந்தார். இரு சொத்தும் ஒன்றானதும் ஐஸ்லாந்தில் அவருக்கு இணையான பணக்காரர் இல்லை. மகள்களைப் பெரிய குடும்பங்களில் கட்டிக் கொடுத்தார். அதில் பலம் பெருகும் என்று நினைத்தார். மாப்பிள்ளைகளில் சிலரோ பின்னால் பகைவர்கள் ஆனார்கள்.

ராஜாவுக்குக் கொடுத்த வாக்கு

1218-ல் ஸ்னோரி நார்வேக்குக் கப்பல் ஏறினார். அங்கே ராஜா ஹாக்கோன் பதினான்கு வயதுப் பையன். ஸ்கூலி என்ற பிரபுவின் கையில் அதிகாரம் இருந்தது.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் நார்வே வியாபாரிகளுக்கும் அப்போது சண்டை. ஐஸ்லாந்தின் மேல் படை அனுப்பவும் நார்வேயில் ஆலோசனை நடந்தது.

ஸ்னோரி குறுக்கே நின்றார். படை வேண்டாம் என்றார். பேசியே தம் ஜனங்களை ராஜாவுக்கு அடங்கச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். படை கிளம்பவில்லை. ஸ்னோரிக்குப் பிரபுப் பட்டமும், ஒரு கப்பலும், பரிசுகளும் கிடைத்தன.

1220-ல் ஊர் திரும்பினார். வாக்கை நிறைவேற்ற அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. ராஜா அதை மறக்கவும் இல்லை.

பாட்டு புரியவில்லை

ஊர் திரும்பிய ஸ்னோரி, ராஜாவையும் ஸ்கூலியையும் புகழ்ந்து 102 பாட்டுகள் கொண்ட நீண்ட கவிதை இயற்றினார். எத்தனை வகைப் பாட்டு உண்டோ அத்தனையையும் அதில் காட்டினார்.

ஆனால் இளைஞர்களுக்குப் பழைய பாட்டுகளே புரியவில்லை! ஏன்?

அந்தப் புலவர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். தங்கத்தைத் தங்கம் என்று சொல்ல மாட்டார்கள். பிரேயாவின் கண்ணீர் என்பார்கள். காணாமல் போன புருஷனை நினைத்து பிரேயா தேவி அழுதாள், அவள் கண்ணீர் சிவந்த தங்கமாக விழுந்தது என்ற கதை தெரிந்தால்தான் பொருள் விளங்கும். தேவர்களின் கதையை மறந்தால் பாட்டும் சாகும்.

ஆகவே ஸ்னோரி ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயர் எட்டா. எழுதிய காலம் சுமார் 1220-க்குப் பிறகு.

கிறிஸ்தவர் ஒருவர் பழைய தேவர்களைப் பற்றி எப்படி எழுதுவது? ஸ்னோரி ஒரு யுக்தி செய்தார். இந்தத் தேவர்கள் உண்மையில் ஆசியாவிலிருந்து வந்த மனிதர்கள், டிராய் நகரத்து வம்சத்தார் என்று முன்னுரையில் சொன்னார். அவர்களுடைய அறிவையும் அழகையும் கண்ட ஜனங்கள் தேவர்கள் என்று நம்பிவிட்டார்களாம்.

பிறகு கதை. கில்பி என்ற ராஜா மாறுவேடத்தில் ஒரு மாளிகைக்குப் போகிறான். சிம்மாசனங்களில் மூன்று பேர் இருக்கிறார்கள். இவன் கேள்வி கேட்கிறான். அவர்கள் பதில் சொல்கிறார்கள். கேள்வி தீர்ந்ததும் மாளிகை மாயமாய் மறைகிறது. அந்தக் கேள்வி பதிலில்தான் தேவலோகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

யார் பெரியவர்?

தேவர்களில் மூத்தவன் ஓடின். அனைவருக்கும் தந்தை என்று அவனுக்குப் பெயர். உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து எல்லா உலகங்களையும் பார்க்கிறான். இரண்டு காக்கைகள் தினமும் உலகைச் சுற்றி வந்து அவன் காதில் செய்தி சொல்லுகின்றன.

அவனுக்குக் கீழே 12 தேவர்கள். பலத்தில் முதல்வன் தோர். ஆடுகள் பூட்டிய தேரில் போவான். அரக்கர்களுக்கு அவன் சம்மட்டி என்றால் நடுக்கம். மழையும் வெயிலும் விளைச்சலும் பிரேயின் பொறுப்பு. காற்றும் கடலும் நியோர்டின் பொறுப்பு. வானவில் பாலத்துக்குக் காவல் ஹெய்ம்டால். புல் முளைக்கும் சத்தமும், ஆட்டின் மேல் ரோமம் வளரும் சத்தமும் அவன் காதில் விழும்!

தேவிகள் குறைந்தவர்கள் அல்ல. தேவர்களுக்குச் சமமான புனிதமும் வல்லமையும் அவர்களுக்கு உண்டு என்று ஸ்னோரி எழுதினார்.

தேவர்களிலும் இரண்டு குலம் உண்டு. நியோர்ட், பிரேய், பிரேயா மூவரும் வேறு குலத்தார். இரு குலங்களும் போரிட்டுச் சமாதானம் ஆனபோது, பிணையாக வந்த நியோர்டின் குடும்பம் அது.

தேவர்களுக்குக் கீழே கணங்கள். ஒளிக் கணங்கள் சூரியனைவிட அழகானவை. இருள் கணங்கள் பூமிக்குள் வாழ்பவை. குள்ளர்கள் கல்லிலும் மண்ணிலும் குடியிருந்து அற்புதமான ஆயுதங்கள் செய்பவர்கள். போரில் விழும் வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஓடினின் மாளிகைக்கு அழைத்துப் போகும் கன்னியர்கள் வால்கிரிகள். நோயாலும் முதுமையாலும் இறப்பவர்கள் ஹெல் என்பவளின் இருண்ட உலகத்துக்குப் போவார்கள். அவள் லோகியின் மகள்.

எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஒரு மகா விருட்சம். அதன் வேரருகே ஒரு கிணறு. கிணற்றருகே மூன்று பெண்கள். அவர்கள் விதியை வகுப்பவர்கள். தேவர்கள் தினமும் அங்கே வந்துதான் நீதி வழங்குகிறார்கள். விதியை மாற்ற ஓடினாலும் முடியாது!

விலை கொடுத்த தேவர்கள்

ஸ்னோரி காட்டிய தேவர்கள் சர்வ வல்லமை உள்ளவர்கள் அல்ல. எதைப் பெற்றாலும் அதற்கு விலை கொடுத்தவர்கள்.

ஓடின் ஞானம் வேண்டினான். ஞானக் கிணற்றில் ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டான். விலை ஒரு கண். கொடுத்தான்.

லோகியின் மகன் ஒரு ஓநாய். அதன் பெயர் ஃபென்ரிர். நாளுக்கு நாள் பூதாகாரமாக வளர்ந்தது. இரண்டு சங்கிலிகளை அறுத்தது. தேவர்கள் குள்ளர்களிடம் ஆள் அனுப்பினார்கள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறையும் சேர்த்து அவர்கள் பட்டு நாடா போல ஒரு கயிறு செய்தார்கள்.

ஓநாய்க்குச் சந்தேகம். யாராவது என் வாயில் கையை வைத்தால்தான் கட்ட விடுவேன் என்றது. தேவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டைர் என்ற தேவன் முன்னே வந்து வலக்கையை வைத்தான். கயிறு இறுகியது. ஓநாய் அகப்பட்டது. டைரின் கை போயிற்று.

பிரேய் ஓர் அரக்கர் குலப் பெண்ணின் மேல் காதல் கொண்டான். அவளை அடைவதற்காகத் தன் வாளையே கொடுத்துவிட்டான்.

தேவர்களுக்கும் சாவு

ஓடினின் மகன் பால்டர். எல்லாருக்கும் பிரியமானவன். அவனுக்குச் சாவு வரும் என்று கனவு வந்தது. தாய் ஃபிரிக் பதறினாள். நெருப்பு, நீர், இரும்பு, கல், மரம், நோய், மிருகம் அனைத்திடமும் அவனைத் துன்புறுத்துவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். மரத்தில் ஒட்டி வளரும் ஒரு சிறு புல்லுருவிச் செடியை மட்டும் விட்டுவிட்டாள்.

லோகி அதைத் தெரிந்து கொண்டான். பால்டரின் சகோதரன் ஒருவன் குருடன். அவன் கையில் அந்தக் குச்சியைக் கொடுத்து எறியச் சொன்னான். பால்டர் மாண்டான்.

கடைசியில் ஒரு நாள் எல்லாம் முடியும். அதன் பெயர் ராக்னராக். இடையில் கோடையே இல்லாமல் மூன்று குளிர்காலம் தொடர்ந்து வரும். அண்ணன் தம்பிகள் பேராசையால் ஒருவரை ஒருவர் கொல்வார்கள். ஓநாயின் கட்டு அறும். அது ஓடினை விழுங்கும். தோர் மகா சர்ப்பத்தைக் கொன்று ஒன்பது அடி நடந்து அதன் விஷத்தால் விழுவான். வாளை இழந்த பிரேய் வாளில்லாமலே போரிட்டு மடிவான்.

பிறகு கடலிலிருந்து புதிய பூமி எழும். விதைக்காமலே பயிர் விளையும். பால்டர் திரும்பி வருவான்.

ராஜாவின் கோபம்

அண்ணன் தம்பிகள் பேராசையால் அடித்துக் கொள்வார்கள் என்று எழுதிய ஸ்னோரியின் குடும்பத்திலேயே அது நடந்தது.

பெரிய குடும்பங்கள் அதிகாரத்துக்காக மோதின. ஸ்னோரியின் அண்ணனும் அண்ணன் மகனும் அவருக்கு எதிராகப் படை திரட்டினார்கள். அண்ணன் மகன் நார்வே ராஜாவின் ஆள். 1236-ல் ஸ்னோரி ரெய்க்ஹோல்டை விட்டு ஓட நேர்ந்தது. மறு ஆண்டு நார்வேக்குப் போனார்.

1238-ல் ஐஸ்லாந்தில் பெரும் சண்டை நடந்தது. ஸ்னோரியின் அண்ணனும் அண்ணன் மகனும் அதில் மாண்டார்கள். வென்றவர்களில் ஒருவன் கிசூர். அவன் ஸ்னோரியின் முன்னாள் மருமகன்!

செய்தி கேட்ட ஸ்னோரி ஊருக்குப் புறப்பட்டார். யாரும் போகக்கூடாது என்று ராஜா ஹாக்கோன் தடை போட்டார். அப்போது ராஜாவுக்கும் ஸ்கூலிக்கும் பகை. ஸ்கூலி அனுமதி தந்தார். 1239-ல் ஸ்னோரி தடையை மீறிக் கப்பல் ஏறினார்.

அதே ஆண்டு ஸ்கூலி கலகம் செய்தார். 1240-ல் கொல்லப்பட்டார். ஸ்னோரியின் ஆதரவு சாய்ந்தது. ஸ்னோரியை நார்வேக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கொன்றுவிடு என்று கிசூருக்கு ராஜா கட்டளை அனுப்பினார்.

நிலவறையில்

1241-ம் ஆண்டுக் கோடையில் ஹால்வெய்க் இறந்தாள். அவளுடைய மகன்கள் சொத்தில் பங்கு கேட்டார்கள். ஸ்னோரி அவர்கள் மனம் நிறையும்படி கொடுக்கவில்லை. அவர்கள் கிசூரிடம் போனார்கள்.

யாரோ ஒரு நண்பர் ஸ்னோரிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அது ரகசிய எழுத்தில் இருந்தது. ஏதோ எச்சரிக்கை என்று மட்டும் தெரிந்தது. எழுத்தையே வாழ்க்கையாகக் கொண்ட அந்த வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை!

செப்டம்பர் 23-ந் தேதி இரவு. சுமார் 70 ஆட்களுடன் கிசூர் ரெய்க்ஹோல்டைச் சூழ்ந்தான். கதவை உடைத்தார்கள். ஸ்னோரி படுக்கையிலிருந்து எழுந்து வெளியே ஓடினார். ஒரு பாதிரியார் அவரை நிலவறையில் ஒளியச் சொன்னார்.

கிசூர் பாதிரியாரைப் பிடித்தான். ஸ்னோரியைப் பார்க்காமல் சமாதானம் பேச முடியாது என்று நயமாகச் சொன்னான். இடம் தெரிந்துவிட்டது.

ஐந்து பேர் நிலவறைக்குள் இறங்கினார்கள். வெட்ட வேண்டாம் என்று ஸ்னோரி சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. அவருக்கு அப்போது வயது 62.

மிஞ்சியது புத்தகம்

அவர் காத்த சொத்து சிதறியது. 1262-ல் ஐஸ்லாந்து நார்வே ராஜாவுக்கு அடங்கத் தொடங்கியது. 1944-ல்தான் அது முழுக் குடியரசு ஆயிற்று.

ஆனால் எட்டா அழியவில்லை. தோலில் பிரதி எடுத்தார்கள். இந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர் ஸ்னோரி என்று அவர் இறந்து 100 ஆண்டுக்குள் எழுதிய ஒரு பிரதி சொல்லுகிறது. அது சுவீடனில் உப்சாலா நகரில் இருக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937-ல் வெளியிட்ட ஹாபிட் கதையில் குள்ளர்களுக்கு வைத்த பெயர்கள் பெரும்பாலும் எட்டாவிலும் உள்ள பழைய பட்டியலைச் சேர்ந்தவை. 1974-ல் அமெரிக்காவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு வெளிவந்தது. அதற்கென்று 1980-ல் வந்த தேவர்கள் பற்றிய புத்தகத்தில் ஓடினுக்கும் தோருக்கும் லோகிக்கும் தனித்தனிப் பகுதி. பலம் இவ்வளவு, உயிர் இவ்வளவு என்று எண்கள். அங்கேயும் அவர்கள் சாகக்கூடியவர்கள்தான்.

ஸ்னோரி நார்வே ராஜாக்களின் சரித்திரத்தையும் எழுதியதாகச் சொல்வார்கள். எந்த நாட்டு ராஜா அவரைக் கொல்லச் சொன்னாரோ, அந்த நாட்டு ஜனங்களே தம் முன்னோர் கதையை அவரிடம் படித்தார்கள். நன்றிக் கடனாக அவருக்கு ஒரு சிலை செய்து அனுப்பினார்கள். 1947-ல் அது ரெய்க்ஹோல்டில் திறந்து வைக்கப்பட்டது.

சிலைக்கு அருகே அந்தக் குளம் இருக்கிறது. அதில் இன்றும் வெந்நீர் ஊறுகிறது.